கேட்பவருக்கும் நோகும்

நெடுந்தீவுக்குப் பணிக்குப் போகும் உளவளத்துணையாளரும் அவரிடம் துணை தேடி வருபவரும் பெரும்பாலும் ஒரே படகில்தான் பயணம் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு என்று தரைவழி முடிய, குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல். தீவில் வசிப்போர் சில ஆயிரம் பேர். யார் வந்து இறங்கினார், யாருடன் இருந்து கதைத்தார் என்பது பொழுதுபடுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நிலைமை இதிலிருந்து அதிகம் வேறுபடாது.

வியன்னாவிலும் லண்டனிலும் எழுதப்பட்ட உளவியல் நூல்களில் சிகிச்சையாளர் ஓர் அந்நியர். வந்தவரின் ஊரும் உறவும் அவருக்குத் தெரியாது. இந்தத் தீவுகள் அடங்கிய தீவகத்தில் அப்படியொருவரைக் காண்பது அரிது. இங்கே கேட்பவரும் போரில் இடம்பெயர்ந்தவர். அவர் வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் ஒன்று தொங்கலாம். எதிரே இருப்பவர் பேசத் தொடங்கியதும் அவருடைய நெஞ்சும் இடிக்கும், தொண்டையும் அடைக்கும், சில வேளை கோபமும் வரும். அந்த உணர்வை அவர் என்ன செய்வது? அடக்கிவைப்பதா, வெளியே காட்டுவதா, அல்லது அதிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்ளலாமா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக உளச்சிகிச்சைத் துறை விவாதித்துவரும் கேள்வி இது.

இடையூறு கருவியான கதை

சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வை எதிர்மாற்றம் என்று உளவியலார் குறிப்பிடுவார்கள். துணை தேடி வருபவர் (துணைநாடி) தன் வாழ்வில் முக்கியமானவர்கள் மீதிருந்த அன்பு, பயம், வெறுப்பு ஆகியவற்றைச் சிகிச்சையாளர் மீது ஏற்றிப் பார்ப்பது மாற்றம். அதற்கு எதிர்வினையாகச் சிகிச்சையாளருக்குள் கிளம்புவது எதிர்மாற்றம். சிக்மண்ட் பிராய்ட் 1910இல் இதைப் பற்றிப் பேசியபோது, சிகிச்சையாளர் அடையாளம் கண்டு கடக்க வேண்டிய தடையாகவே கருதினார். 1912இல் எழுதிய கட்டுரையில், அறுவைச் சிகிச்சை வைத்தியரைப் போலத் தன் உணர்ச்சிகளை ஒதுக்கிவைக்க வேண்டும் என்றார். வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரையில் சிகிச்சையாளரின் ஆழ்மனம் தொலைபேசியின் கேட்கும் பகுதியைப் போல எதிரே இருப்பவரின் ஆழ்மனத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். உணர்வை மூடிவைத்துக்கொண்டு எதை வாங்குவது? இந்த முரண்பாட்டை அவர் தீர்த்துவைக்கவில்லை.

திருப்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. டொனால்ட் வினிகொட் என்ற ஆங்கிலேயக் குழந்தை வைத்தியர், போர்க்கால விடுதியொன்றிலிருந்து ஓடிவந்த ஒன்பது வயதுப் பையனைத் தன் வீட்டில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார். பையன் வெறிகொண்டு கலகம் செய்யும்போதெல்லாம் அவனைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, அவன் செய்தது தனக்குள் வெறுப்பை உண்டாக்கியது என்பதை அவனிடமே சொன்னார். 1949இல் வெளியான கட்டுரையில் வினிகொட் சொன்ன செய்தி அன்றைக்கு அதிர்ச்சி தந்தது: கடுமையாக நொந்தவரோடு வேலை செய்கிறவருக்கு வெறுப்பு வருவது இயல்பு, அதை அறியாமல் வைத்திருப்பதுதான் ஆபத்து.

அடுத்த ஆண்டு பவுலா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஒரு படி மேலே போனார். சிகிச்சையாளரின் உணர்வு, துணைநாடியின் மனத்தை அறிய உதவும் மிக முக்கியமான கருவிகளுள் ஒன்று என்றார். அவருடைய வழிகாட்டியான மெலனி கிளைனுக்கு இது பிடிக்கவில்லை. சிகிச்சையாளர்கள் தங்கள் குறைகளுக்கெல்லாம் வந்தவரைக் காரணம் காட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பது கிளைன் தரப்பின் கவலை. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆர்ஜென்டீனாவில் பணியாற்றிய ஹைன்ரிச் ராக்கர் 1950களில் இந்த உணர்வை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, வந்தவர் உணர்வதையே தானும் உணர்வது. மற்றது, வந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் உணர்வதைத் தான் உணர்வது. தீவகத்துக்கு இந்தப் பிரிவு நன்றாகவே பொருந்தும். குடிப்பழக்கத்தால் அனுப்பப்பட்ட ஒரு கடற்றொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் முன்னால் இருக்கும்போது உளவளத்துணையாளருக்குக் காரணமில்லாத தனிமையும் வெறுமையும் தோன்றினால், அது அந்த மனிதர் இரவில் கடலுக்குள் உணர்வதாக இருக்கலாம். மாறாக எரிச்சலும் 'இவருக்குச் சொல்லிப் பயனில்லை' என்ற சலிப்பும் தோன்றினால், அது அவருடைய மனைவியும் பிள்ளைகளும் நாள்தோறும் உணர்வதாக இருக்கலாம். இரண்டும் தகவல்தான். ஆனால் இரண்டும் வெவ்வேறு கதவுகளைத் திறக்கின்றன.

உடல் முந்திக்கொள்கிறது

ஒருவர் உணர்வு இன்னொருவரிடம் போவதில் மாயம் எதுவும் இல்லை. குரலின் நடுக்கம், மூச்சின் வேகம், முகத் தசைகளின் சிறு அசைவு, உட்காரும் விதம் ஆகியவற்றை நம் மூளை நாம் கவனிப்பதற்கு முன்னரே கணக்கெடுக்கிறது. கேட்பவரின் இதயத் துடிப்பும் தோலின் ஈரமும் அதற்கேற்ப மாறுகின்றன. உடலுக்குள் நிகழும் இத்தகைய மாற்றங்களை உணர்வதில் மூளையின் இன்சுலா என்ற மடிப்புப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அன்புக்குரியவர் வலியில் இருப்பதை அறியும்போதும் அதன் முன்பகுதி செயற்படுகிறது என்று தானியா சிங்கர் குழுவினர் 2004இல் காட்டினர்.

2007இல் கார்ல் மார்சியும் உடனிருந்தோரும் அமெரிக்காவில் 20 சிகிச்சை இணைகளின் தோல் மின்கடத்தலை அமர்வு நடக்கும்போதே அளந்தனர். இருவருடைய அளவீடுகளும் எந்த அளவுக்கு ஒன்றாக ஏறி இறங்கினவோ, அந்த அளவுக்குத் தன்னைச் சிகிச்சையாளர் புரிந்துகொள்கிறார் என்று வந்தவர் கருதினார். ஆய்வு சிறியது. ஆனாலும் கேட்பவரின் உடல் சும்மா இருப்பதில்லை என்பதற்கு அது சான்று.

அதே ஆண்டில் மத்தியூ லீபர்மன் குழுவினர் இன்னொன்றைக் கண்டனர். உணர்ச்சி தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களின் மூளையில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் கொந்தளிப்புக் குறைந்தது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் 'எனக்கு இப்போது பயம் வருகிறது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது வெறும் சடங்கு அல்ல என்பதற்கு இது ஓர் உயிரியல் ஆதாரம். பெயரிடப்பட்ட உணர்வு கொஞ்சம் தள்ளி நிற்கும். தள்ளி நின்றால்தான் அதைப் பார்க்க முடியும்.

இதை வைத்து 'என் நெஞ்சு இடித்தால் அது அவருடைய பயம்தான்' என்று முடிவு கட்டிவிட முடியாது. உடல் சொல்வது ஏதோ நடக்கிறது என்பதை மட்டுமே. எதனால் என்று அது சொல்லாது. நெடுந்தீவில் அமர்வு நடத்துகிறவருக்குப் பொறுமை குறைந்தால், வந்தவரின் கதையை விடத் திரும்பும் படகின் நேரம் காரணமாக இருக்கலாம். வெயில், பசி, கடல் கொந்தளிப்பில் வந்த தலைச்சுற்று, முதல்நாள் வீட்டில் நடந்த சண்டை ஆகியவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகே மிச்சத்தைத் துணைநாடியோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

யாருடைய நோவு?

தீவகத்தில் இந்தக் கழித்தல் கணக்குக் கடினமானது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் மாண்ட அந்தப் படுகொலையை இலங்கைக் கடற்படையினர் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீவுகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தனர். 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் சூழவுள்ள ஊர்களிலும் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இந்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் உளவளத்துணையாளராக இருந்து, இதே நாட்களைச் சொல்லி அழும் ஒருவரைக் கேட்கும்போது, அறையில் இருக்கும் துயரம் இருவருக்கும் சொந்தமானது.

யாழ்ப்பாணத்தின் உளநல மருத்துவம் இந்த நிலையில்தான் வளர்ந்தது. போர்க்காலத்தின் பெரும் பகுதியை அங்கேயே கழித்த உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரைப் பற்றிய 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். இணையாசிரியரான மருத்துவர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1987 ஒக்டோபரில், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்தபோது நோயாளிகளோடு வைத்தியர்களும் தாதியரும் இறந்தனர். குணப்படுத்த வேண்டியவர்களே காயப்பட்ட ஊர் அது. தனியொருவரின் மனவடுவை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் சமூகமும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்பது சோமசுந்தரம் தொடர்ந்து வலியுறுத்திய கருத்து. கூட்டு மனவடு என்று அதைச் சொல்வார்கள். அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டால், உளவளத்துணையாளரும் அந்தக் கூட்டுக்குள் இருப்பவர் என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

உலகின் வேறு இடங்களிலும் இது ஆராயப்பட்டிருக்கிறது. இஸ்ரேலிலும், 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் நியூயோர்க்கிலும், வந்தவரும் சிகிச்சையாளரும் ஒரே பேரழிவைக் கண்டவர்களாக இருந்தனர். அப்படிப்பட்ட சிகிச்சையாளருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, பாதிச் சொல்லிலேயே புரிந்துவிடும். ஆபத்தும் அந்த இடத்தில்தான். பாதிச் சொல்லில் புரிந்துவிட்டதென்று நினைப்பவர் மீதிப் பாதியைக் கேட்பதில்லை. தன் கதையை வந்தவருடைய வாயில் வைத்துவிடுகிறார்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்தோரை யேல் டானியேலி 1980களில் ஆராய்ந்தார். குற்றவுணர்வு, கோபம், வெட்கம், திகில் ஆகியவை அவர்களிடம் பரவலாக இருந்தன. கேட்கச் சகிக்காமல் அவர்கள் பேச்சை மாற்றினார்கள். தப்பியவர்களும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். இரு தரப்பும் சேர்ந்து காத்த அந்த அமைதியை மௌனச் சதி என்று டானியேலி குறிப்பிட்டார். எங்கள் ஊர்களிலும், காணாமற்போன மகனைப் பற்றிய பேச்சு எழும் தறுவாயில் 'நித்திரைக் குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?' என்று கேட்கத் தோன்றினால், அந்தக் கேள்வி யாருடைய வசதிக்காக என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

உறவுமுறையும் உணர்வை நடத்தும். அறுபது வயது அம்மா ஒருவர் இளம் உளவளத்துணையாளரைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டவுடன் அவர் மகளின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். மகள் தாயிடம் கேட்கக்கூடாத கேள்விகள் எங்கள் சமூகத்தில் பல. கணவனின் அடி, கடன், வெளிநாட்டில் இருக்கும் மூத்தவன் காசு அனுப்பாதது ஆகியவற்றைக் கேட்க நா எழாமல் போவது பெரும்பாலும் மரியாதையின் வடிவில் வரும். மரியாதை என்று நினைத்துக் கடந்துபோகாமல் 'நான் ஏன் இங்கே சின்னப்பிள்ளையாகிவிட்டேன்?' என்று கேட்டுக்கொள்பவருக்கு வேறொன்று விளங்கலாம்: அந்த அம்மா வீட்டிலும் எல்லாரும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அமர்வுக்குள் என்ன நடக்கிறது?

இனிச் சொல்வது ஒரு கற்பனை அமர்வு. யாருடைய உண்மைக் கதையும் அல்ல. மேலே சொன்ன வயதை ஒத்த ஓர் அம்மா. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை, நித்திரை மட்டும்தான் வருகுதில்லை" என்று வருகிறார். மூன்று அமர்வுகள் தலையிடியோடும் நெஞ்சு நோவோடும் போகின்றன. நான்காவதில் மகனின் பெயரைச் சொல்கிறார். போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்தக் கணத்தில் உளவளத்துணையாளரின் நாவில் 'நான் விசாரிச்சுப் பாக்கிறன் அம்மா' என்ற வார்த்தை வந்து நிற்கிறது. காணாமற்போனோரைத் தேடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாக்குக் கொடுக்க மனம் துடிக்கிறது. சொல்லிவிட்டால், அந்த அம்மா அலுவலகம் அலுவலகமாகக் கேட்டுச் சலித்த வாக்குகளோடு இன்னொன்று சேரும். விழுங்கிவிட்டால், அந்தத் துடிப்பு சொல்லவந்த செய்தி வீணாகும். பயிற்சி பெற்றவர் மூச்சை ஒருமுறை நிதானமாக விட்டு, துடிப்பைக் கவனிக்கிறார். 'இவர் முன்னால் ஒன்றும் செய்யாமல் இருக்க ஏன் என்னால் முடியவில்லை?' சில நிமிடம்கூடத் தாங்க முடியாத கையறுநிலையில் இந்த அம்மா ஆண்டுக்கணக்காக வாழ்ந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

ஊகத்தை அவர் தீர்ப்பாகச் சொல்வதில்லை. "ஒண்டும் செய்ய ஏலாமல் இவ்வளவு காலமும் இருக்கிறது பெரிய பாரமா இருந்திருக்குமோ அம்மா?" என்று கேட்டுப் பார்க்கிறார். அந்த அம்மா "ஓம்" என்று அழலாம். அல்லது, "அது பழகீற்றுது பிள்ளை. அந்தியேட்டியைச் செய்து முடி எண்டு சொந்தக்காரர் சொல்லுறதுதான் தாங்கேலாமக் கிடக்கு" என்று திருத்தலாம். இரண்டாவது பதில் வந்தால் ஊகம் தவறவில்லை, இடம் மாறியிருக்கிறது. கதவு திறந்துவிட்டது. சடலமும் சடங்கும் இல்லாத இழப்பை அமெரிக்க ஆய்வாளர் பவுலின் பொஸ் தெளிவற்ற இழப்பு என்று விவரித்தார். இறந்தார் என்று ஏற்றுக்கொள்வது துரோகமாகவும், வருவார் என்று காத்திருப்பது வதையாகவும் இருக்கும் நிலை அது. அதை அவசரமாக முடித்துவைக்கும் உரிமை சிகிச்சையாளருக்கு இல்லை.

இந்த வேலையின் படிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். உணர்வு எழுந்ததைக் கவனித்தல், அதற்குப் பெயரிடல், உடனே செயற்படாமல் நிறுத்தல், தன்னுடையதைக் கழித்தல், மிச்சத்தை ஊகமாக்கிக் கேட்டுப் பார்த்தல், பதிலுக்கேற்பத் திருத்திக்கொள்ளல். கழித்தலுக்குச் சில கேள்விகள் உதவும். இந்த உணர்வு எல்லாரிடமும் எனக்கு வருகிறதா, இவரிடம் மட்டுமா? இவர் வருவதற்கு முன்பே இருந்ததா? நடந்ததற்கு மிஞ்சிய அளவில் இருக்கிறதா? இவர் தன் வீட்டாரைப் பற்றிச் சொல்வதோடு இது ஒத்துப்போகிறதா?

தன் உணர்வை வாய்விட்டுச் சொல்வது இவற்றில் கடைசி வழி, அரிதாகவே பயன்படுவது. 'எங்கட வீட்டிலயும் ஒருத்தர் இல்லை' என்று உளவளத்துணையாளர் சொன்னால் அன்னியோன்னியம் கூடியது போலத் தோன்றும். ஆனால் அடுத்த அரைமணி நேரம் அந்த அம்மாதான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். சிறிய தீவில், சொன்னது அறையை விட்டுப் போகும் வாய்ப்பையும் மறக்கக்கூடாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சிகிச்சையாளருக்கு என்னென்ன உணர்வுகள் வருகின்றன என்று 2005இல் எஃபி பேட்டன், ட்ரூ வெஸ்டன் குழுவினர் 181 உளமருத்துவர்களிடமும் உளவியலாளர்களிடமும் கேட்டனர். எட்டு வடிவங்கள் தெரிந்தன. திணறல், கையாலாகாத உணர்வு, விருப்பம், அளவுமீறிய ஈடுபாடு, பாலியல் ஈர்ப்பு, விலகல், பெற்றோரைப் போன்ற பாதுகாப்புணர்வு, தான் குறைகூறப்படுவதாகவும் மோசமாக நடத்தப்படுவதாகவும் தோன்றல். வந்தவரின் ஆளுமைச் சிக்கலுக்கும் இந்த வடிவங்களுக்கும் தொடர்பிருந்தது. சிகிச்சையாளர் எந்தச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. ஆகவே உணர்வில் வந்தவரைப் பற்றிய தகவல் உண்டு என்பது வெறும் நம்பிக்கை அல்ல.

ஜெஃப்ரி ஹேய்ஸ், சார்ல்ஸ் கெல்சோ ஆகியோர் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு அடுத்த பாதியைச் சொல்கிறது. கட்டுப்பாடின்றி வெளிப்பட்ட எதிர்மாற்றம் சற்றே மோசமான விளைவோடும், நன்கு கையாளப்பட்ட எதிர்மாற்றம் நல்ல விளைவோடும் தொடர்புபட்டிருந்தன. அவர்கள் சேர்த்த ஆய்வுகள் குறைவானவை, பெரும்பாலும் மேற்கு நாடுகளில் செய்யப்பட்டவை, காரணகாரியத்தை உறுதிப்படுத்தாதவை. ஆயினும் ஹைமனுக்கும் கிளைனுக்கும் இடையிலான வழக்கில் ஒரு சமரசத் தீர்ப்பு அவற்றிலிருந்து கிடைக்கிறது. உணர்வு பயன்படும், கையாளத் தெரிந்தவருக்கு.

தனியாக முடியாத வேலை

கையாளத் தெரிவது பிறவிக் குணம் அல்ல. தன் கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட இன்னொருவர் வேண்டும். துறைசார்ந்த மேற்பார்வை என்பது அதற்குத்தான். அனுபவமுள்ள ஒருவரிடம் ஒழுங்காகப் போய் 'இந்த அமர்வில் எனக்கு இப்படி இருந்தது' என்று சொல்வது. எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை படிவம் நிரப்பினீர்கள் என்று கேட்கும் நிர்வாக மேற்பார்வை வேறு.

யாழ்ப்பாணத்தில் இதற்கு அடித்தளம் உண்டு. சாந்திகம் நிறுவனம் போர்க்காலத்திலிருந்தே உளவளத்துணைப் பயிற்சி அளித்துவந்திருக்கிறது. சோமசுந்தரமும் மருத்துவர் சா. சிவயோகனும் உருவாக்கிய 'தமிழ் சமுதாயத்தில் உளநலம்' நூல் களப்பணியாளர்களுக்குத் தமிழிலேயே வழிகாட்டியது. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு எனப் பல பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பரந்து கிடக்கும் தீவுகளில் பணிபுரிபவருக்கு, அமர்வுகளைப் போலவே மேற்பார்வைக்கும் நேரமும் பயணச் செலவும் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்காவிட்டால், பிறர் துயரைக் கேட்டுக் கேட்டுக் கேட்பவரின் உலகப் பார்வையே இருண்டுபோகும். 1990இல் உளவியலாளர்களான மக்கானும் பேர்ல்மனும் விவரித்த இரண்டாம்நிலை மனவடு இதுதான். அப்படி இருண்டவர் ஒன்றில் வேலையை விட்டுப் போவார், அல்லது கேட்பது போலப் பாவனை செய்வார். இரண்டிலும் நட்டம் தீவு மக்களுக்கே.

உளவளத்துணையாளரை நாடும் வாசகருக்கும் ஒரு சொல். உங்கள் முன்னால் இருப்பவர் கண் கலங்கினால் அவர் திறமையற்றவர் என்று எண்ண வேண்டாம். அவர் கல்லாக இருந்தால் அதுவே திறமை என்றும் எண்ண வேண்டாம். தன் கலக்கத்தை உங்கள் மீது சுமத்தாமல், உங்களை இன்னும் கவனமாகக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கிறாரானால் தொடர்ந்து போங்கள். அவர் சொல்வது உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் "இல்லை, அப்படியில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். நல்ல உளவளத்துணையாளர் அந்தத் திருத்தத்தை விரும்புவார்.